சகலை செய்த பெட்டி

சட்டைப்பையில் எந்நேரமும் மின்சாரம் அளக்கும் மல்டிமீட்டர் ஒன்று தலையை நீட்டிக்கொண்டிருந்ததால் அவருக்கு 'மீட்டர்' என்று பேர் வந்தது. முதலில் அப்படிக் கூப்பிட்டது யார் என்று யாருக்கும் நினைவில்லை. பெற்றவர்கள் வைத்த பேரை அடையாள அட்டையில் மட்டும்தான் பார்க்கலாம்.

பதினேழு வருஷமாக வாஷிங் மெஷின் சர்வீஸ் கம்பெனி ஒன்றில் வேலை. கம்பெனி என்றால் பெரிதாக எண்ண வேண்டாம். ஏணி மாதிரி செங்குத்தான படி ஏறிப் போனால் இரண்டு அறை. முன்னறையில் முதலாளியும் தொலைபேசியும். பின்னறையில் மீட்டரும், அவர் மேசையும், உயிர் ஊசலாடும் சர்க்யூட் போர்டுகளும். ஒரு போர்டைக் கையில் வாங்கினால் முதல் வேலையாக மோந்து பார்ப்பார். கருகியது ரெசிஸ்டரா, டிரான்ஸ்பார்மரா, இல்லை உள்ளே பல்லி விழுந்து செத்ததா என்று வாசனையிலேயே சொல்லிவிடுவார். தொழிலில் அவரை அசைக்க ஆள் கிடையாது. அது அவருக்கும் தெரியும்.

கல்யாணமான புதிதில் மாமனார் வீட்டிலும் அவர்தான் ராஜா. மாமனாருக்கு ஊருக்கு வெளியே ஒரு கோழிக்குஞ்சு பொரிக்கும் கூடம் இருந்தது. மோட்டார் ஓடவில்லையா, மின்விசிறி சுற்றவில்லையா, "மாப்பிள்ளையைக் கூப்பிடு" என்பார். ஐந்து வருஷம் அப்படிப் போனது. பிறகு இளையவளுக்கு வரன் பார்த்தார்கள். வந்தவர் இன்ஜினியர். ரிப்பேர் பார்ப்பவர் இல்லை. போர்டுகளைத் தாமே வடிவமைத்து, அதற்குள் ஓடும் புரோகிராமையும் எழுதுகிறவர்.

அன்றிலிருந்து மீட்டர் 'பெரிய மாப்பிள்ளை' ஆனார். இளையவர் வெறும் 'மாப்பிள்ளை'. அந்த 'பெரிய' என்ற ஒரு சொல் மீட்டரின் தொண்டையில் முள்ளாக நின்றது. வயதுக்கு மரியாதை கொடுத்து ஓரமாக உட்கார வைக்கிற சொல் அது என்று அவருக்குத் தோன்றும்.

சகலை கெட்டவர் இல்லை. அதுதான் கஷ்டமே. கெட்டவராக இருந்திருந்தால் மனைவியிடம் உட்கார்ந்து நாலு குறை சொல்லி ஆற்றிக்கொள்ளலாம். இவரோ பார்க்கும்போதெல்லாம் "அண்ணே, நல்லா இருக்கீங்களா?" என்று எழுந்து நிற்பார். அப்படி எழுந்து நிற்பதைப் பார்த்தாலும் மீட்டருக்கு எரியும்.

சென்ற வருஷம் சகலை, மாமனாரின் கூடத்துக்கு ஒரு பெட்டி செய்து கொடுத்தார். முட்டைகளைச் சூடாக வைத்திருக்கும் அலமாரிக்கு மூளை மாதிரி அது. உள்ளே விரல் நகம் அளவுக்கு ஒரு மைக்ரோகன்ட்ரோலர் சிப். எத்தனை டிகிரி சூடு வேண்டும், இன்றைக்கு எத்தனையாவது நாள், முட்டைத் தட்டுகளைக் கடைசியாக எப்போது திருப்பியது என்பதையெல்லாம் அது தன் நினைவில் எழுதி வைத்துக்கொள்ளும். கரண்ட் போய் வந்தாலும் மறக்காது. மணிக்கு ஒருமுறை மோட்டாரைப் போட்டுத் தட்டுகளைச் சாய்க்கும். பதினெட்டாம் நாள், குஞ்சு வெளிவர மூன்று நாள் இருக்கும்போது, நிறுத்திக்கொள்ளும். அதற்கு முன்னால் இதையெல்லாம் மாமனார் கையால் செய்துகொண்டிருந்தார். பெட்டி வந்தபின் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் அதன் அருமை பெருமைதான். மூடியின்மேல் இருந்த சின்னப் பச்சை விளக்கைக் கூட விரலால் தொட்டுக் காட்டுவார்.

மீட்டர் அந்தப் பக்கம் போவதைக் குறைத்துக்கொண்டார்.

ஒருநாள் சாப்பிடும்போது மனைவி சொன்னார். "அப்பாவோட பெட்டிக்கு என்னமோ ஆயிடுச்சாம். நாளையெல்லாம் மறந்துடுதாம். பத்தாம் நாள்னு இருந்தது திடீர்னு இருநூத்தி அம்பத்தஞ்சாம் நாள்னு காட்டுச்சாம்."

"அப்படியா?" என்றார் மீட்டர். குரலில் கவலை இருந்தது. வயிற்றிலோ பால் வார்த்த மாதிரி இருந்தது. அன்றைக்கு இன்னொரு கரண்டி சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

அதற்குப் பிறகு வாரம் ஒரு சேதி வந்தது. சகலை அந்தச் சிப்பை மாற்றினாராம், சரியாகவில்லை. புரோகிராமைத் திருத்தி, ஒரே கணக்கை மூன்று இடத்தில் எழுதி வைத்தாராம். மூன்றும் சேர்ந்தே அழிந்ததாம். மறுபடி புதுச் சிப் போட்டாராம். ஒவ்வொரு சேதிக்கும் மீட்டர் "ஐயையோ" என்றார். ஒருமுறையாவது "நான் போய்ப் பார்க்கட்டுமா" என்று வாயைத் திறக்கவில்லை. கூப்பிடட்டும், கூப்பிட்டால் போகலாம் என்று இருந்தார்.

பிறகு அது நடந்தது. பதினாறாம் நாளில் இருந்த அறுநூறு முட்டை ஒரே மத்தியானத்தில் போயிற்று. சூடு முப்பத்தேழரை டிகிரி இருக்க வேண்டும். பெட்டியின் நினைவில் அந்த எண் எப்படியோ பன்னிரண்டாக மாறிவிட்டது. பன்னிரண்டு போதும் என்று நம்பிப் பெட்டி ஹீட்டரைப் போடவே இல்லை. மாமனார் வெளியே போயிருந்தார். திரும்பி வந்து தட்டைத் தொட்டபோது முட்டைகள் ஜில்லென்று இருந்தன.

மனைவி அன்று சேதி சொல்லவில்லை, உத்தரவே போட்டார். "நாளைக்கு லீவு போடுங்க. போய்ப் பாருங்க."

"உங்க தங்கச்சி வீட்டுக்காரர் இருக்காரே?"

"அவரால முடியலன்னுதானே சொல்றேன்? நீங்க வருவீங்களான்னு அவரே கேட்டாராம்."

அவரே கேட்டாராம். மீட்டர் முகத்தைத் திருப்பிக்கொண்டார், சிரிப்பு வெளியே தெரிந்துவிடக் கூடாதென்று.

மறுநாள் முதலாளியிடம் சொல்லி ஸ்கோப்பைக் கடன் வாங்கிக்கொண்டார். மின்சாரத்தின் ஏற்ற இறக்கத்தைக் கோடாக வரைந்து காட்டும் கருவி அது. துணியில் சுற்றி, கைக்குழந்தை மாதிரி மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் போனார்.

கூடத்து வாசலில் சகலை நின்றிருந்தார். நாலு நாள் தாடி. கண் உள்ளே போயிருந்தது. "அண்ணே, வாங்க" என்றார். அந்தக் கோலத்தைப் பார்த்து மீட்டருக்குக் கொஞ்சம் பாவமாக இருந்தது. கொஞ்சம்தான்.

"பவர் சப்ளை பார்த்தீங்களா, சகலை?"

"பார்த்தேண்ணே. அஞ்சு வோல்ட் அப்படியே நிக்குது."

"எதுல பார்த்தீங்க?"

"மல்டிமீட்டர்லதான்."

மீட்டர் மனசுக்குள் ஒரு மதிப்பெண்ணைத் தன் பக்கம் போட்டுக்கொண்டார். மல்டிமீட்டர் நிதானமான பிராணி. கண் இமைக்கிற நேரத்தில் வோல்டேஜ் விழுந்து எழுந்தால் அதற்குத் தெரியவே தெரியாது. நல்லாத்தான் இருக்கு என்று சொல்லிவிடும். பதினேழு வருஷமாக அதைச் சட்டைப்பையில் சுமப்பவருக்கு அதன் குணம் தெரியாதா?

"எப்பெப்போ மறந்ததுன்னு குறிச்சு வெச்சிருக்கீங்களா, மாமா?" என்று கேட்டார்.

மாமனார் சுவரிலிருந்த நாள்காட்டியைக் கொண்டுவந்தார். பின்பக்கம் பென்சிலால் நாளும் மணியும் எழுதியிருந்தது. ஏழு தடவை. ஏழும் மதியம் இரண்டுக்கும் நாலுக்கும் நடுவில்.

"அந்த நேரத்துல இங்க என்ன நடக்குது?"

யாருக்கும் தெரியவில்லை. அப்போது பக்கத்துக் கொட்டகையிலிருந்து சர்ரென்று ஒரு சத்தம் வந்தது. கூரையில் தொங்கிய பல்பு லேசாக மங்கி, மறுபடி எரிந்தது.

"அது வெல்டிங் பட்டறை" என்றார் மாமனார். "மதியம்தான் இரும்புக் கேட்டு, கிராதியெல்லாம் ஒட்டுவாங்க."

மீட்டர் ஸ்கோப்பின் முனையைச் சிப்புக்குப் போகும் ஐந்து வோல்ட்டில் மாட்டினார். திரையில் ஒரு நேர்கோடு. தட்டு திருப்பும் நேரம் வரும்வரை காத்திருந்தார்கள். மோட்டார் கிளம்பியது. கோட்டில் ஒரு சின்னப் பள்ளம் விழுந்து மறைந்தது. ஆபத்தில்லை. அடுத்த மணிக்காகவும் காத்திருந்தார்கள். மாமனார் டீ கொண்டுவந்தார். இந்த முறை மோட்டாரும், ஹீட்டரைப் போடும் ரிலேயும், பக்கத்துப் பட்டறையும் ஒரே நேரத்தில் சேர்ந்துகொண்டன. கோடு கிணற்றில் விழுந்த மாதிரி இறங்கியது. ஐந்து வோல்ட் மூன்றுக்கும் கீழே போய்த் திரும்பி வந்தது. பெட்டியின் முகப்பில் இருநூற்று ஐம்பத்தைந்தாம் நாள், நினைவு அழிந்தால் அது காட்டும் எண்.

சகலை தலையில் கை வைத்துக்கொண்டார். அவருக்குச் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை. வோல்டேஜ் ஒரேயடியாகப் போனால் சிப் செத்துவிடும், பிறகு ஒழுங்காக எழுந்து வேலையைத் தொடங்கும். அரைகுறையாகக் குறைந்தால்தான் வினை. சாகவும் சாகாது, சரியாக ஓடவும் ஓடாது. தூக்கக் கலக்கத்தில் இருப்பவன் மாதிரி கையில் கிடைத்ததை எங்கேயாவது எழுதி வைக்கும். போதாததற்கு, தட்டைத் திருப்பும் அதே நொடியில்தான் சகலையின் புரோகிராம் நினைவில் எழுதிக்கொண்டிருந்தது. மூன்று பிரதியும் அழிந்தது அதனால்தான். மூன்றையும் அதே நொடியில்தான் எழுதியிருந்தது.

"வோல்டேஜ் இறங்கினா சிப்பை அப்படியே நிறுத்தி வெக்கிற வசதி ஒண்ணு உள்ளயே இருக்குமே" என்றார் மீட்டர். "அதைப் போடலியா?"

"போடலண்ணே" என்றார் சகலை. "மறந்துட்டேன்."

அந்தச் சொல் மீட்டரின் காதில் தேனாகப் பாய்ந்தது. ஆனால் வோல்டேஜ் ஏன் இவ்வளவு இறங்க வேண்டும் என்ற கேள்வி மிச்சமிருந்தது. சகலை கணினியை எடுக்க உள்ளே போனார். மீட்டர் பெட்டியின் அடியில் இருந்த சப்ளை போர்டைத் தனியாகக் கழற்றினார். கழற்றித் திருப்பியதும் அவர் கை நின்றுவிட்டது.

அந்த சால்டரிங் அவருடையது. நூறு பேர் ஈயம் வைத்தாலும் தன் கைவேலை அவருக்குத் தெரியும். எட்டு மாதத்துக்கு முன்னால் சகலை வெளியூர் போயிருந்தபோது சப்ளை ஒருமுறை நின்றுவிட்டது. மாமனார் அதைக் கழற்றிக்கொண்டு சர்வீஸ் அறைக்கே வந்தார். உள்ளே கெப்பாசிட்டர் போயிருந்தது. மோட்டார் திடீரென்று இழுக்கும்போது தாங்கிக் கொடுக்க, மின்சாரத்தைக் கொஞ்சம் சேர்த்து வைத்திருக்கும் தொட்டி மாதிரி ஒன்று. இழுப்பறையில் புதிது இருந்தது. மீட்டர் அதைத் தொட்டார், எடுக்கவில்லை. மாமனார் எதிரில் உட்கார்ந்து, அந்தப் பெட்டி எவ்வளவு புத்திசாலி என்று அப்போதும் சொல்லிக்கொண்டிருந்தார். இந்தப் பெட்டிக்கு இது போதும் என்று நினைத்து, செத்துப்போன ஒரு வாஷிங் மெஷின் போர்டிலிருந்து பிடுங்கிய பழைய கெப்பாசிட்டரை வைத்து ஒட்டி, பத்து நிமிஷத்தில் அனுப்பிவிட்டார். மறந்தும் போனார்.

அது இப்போது தலை உப்பி, அடியில் கசிந்து, அவரைப் பார்த்துக்கொண்டிருந்தது. பெட்டிக்கு ஞாபக மறதி தொடங்கியது எப்போது என்று அவர் மனசு தானாகக் கணக்குப் போட்டது.

சகலை திரும்பி வருவதற்குள் பழையதைப் பிடுங்கிப் பேண்ட் பையில் போட்டுக்கொண்டார். கருவிப் பெட்டியிலிருந்து புதிதாக ஒன்றை எடுத்து வைத்தார். கை நடுங்கவில்லை. அதை நினைத்துத்தான் பின்னால் அவர் ரொம்ப வெட்கப்பட்டார்.

வேலை முடிந்தது. சகலை அந்த வசதியைப் போட்டு, எழுதும் வேலையை மோட்டார் கிளம்புவதற்கு முன்னாலேயே முடிக்கும்படி புரோகிராமை மாற்றினார். பட்டறை சத்தத்தோடு மூன்று முறை சோதித்தார்கள். கோடு அசையவில்லை.

"என்னதான் கோளாறு, பெரிய மாப்பிள்ளை?" என்றார் மாமனார்.

"புரோகிராம்ல ஒரு வசதியைப் போடாம விட்டிருக்காங்க, மாமா."

பொய்யில்லை. பாதி உண்மை. மாமனார் இளையவர் பக்கம் திரும்பினார். திட்டவில்லை. "அறுநூறு, மாப்பிள்ளை" என்று மட்டும் சொன்னார். சகலை குனிந்தபடி "என் தப்புதான், மாமா" என்றார். இதைக் கேட்கத்தான் மீட்டர் ஆறு வருஷமாகக் காத்திருந்தார். கேட்டாயிற்று.

இருவரும் பின்புறக் குழாயில் கை கழுவினார்கள். சகலை சோப்பை நீட்டினார்.

"நீங்க வந்தது நல்லதாப் போச்சுண்ணே. நான் சப்ளை போர்டைக் கழட்டிக்கூடப் பார்க்கல. நடுவுல ஒருவாட்டி நீங்க அதைச் சரி பண்ணிக் கொடுத்தீங்கன்னு மாமா சொன்னார். உங்க கை பட்டது சரியாத்தான் இருக்கும்னு விட்டுட்டேன். ரெண்டு மாசமா என் புரோகிராமையே போட்டுக் குடைஞ்சுட்டு இருந்தேன்."

மீட்டர் சோப்பைத் தேய்த்துக்கொண்டே இருந்தார். நுரை முழங்கை வரைக்கும் ஏறியது.

பஸ்ஸில் பேண்ட் பையில் இருந்த கெப்பாசிட்டர் தொடையில் குத்தியது. இத்தனை வருஷம் சகலை தன்னை மதிக்கவில்லை என்று ஒரு கற்பனை இருந்தது. அது இருந்தவரை பொறாமைக்கு நிற்க ஓர் இடம் இருந்தது. இப்போது அதுவும் போய்விட்டது. மதிப்பு இருந்திருக்கிறது, அந்த மதிப்பினால்தான் அந்த மனிதர் இரண்டு மாதம் தவறான இடத்தில் தேடியிருக்கிறார்.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னார். மனைவி துணி மடித்துக்கொண்டே கேட்டார்.

"இதை எதுக்கு என்கிட்ட சொல்றீங்க?"

"வேற யார்கிட்ட சொல்ல?"

"முட்டை என்னுதா? புரோகிராம் நான் எழுதினேனா? சொல்ல வேண்டிய ஆளுங்க வேற. எனக்கு ஏற்கனவே உங்களைப் பத்தித் தெரியும். அவர் வந்த நாள்லேர்ந்து உங்க மூஞ்சி எனக்குத் தெரியாதா?"

ஞாயிற்றுக்கிழமை காலையில் மறுபடி கூடத்துக்குப் போனார். சகலையையும் வரச் சொல்லியிருந்தார். உப்பிய கெப்பாசிட்டரை மாமனாரின் மேசைமேல் வைத்தார். எது எங்கே இருந்தது, யார் வைத்தது, இழுப்பறையில் என்ன இருந்தது என்று வரிசையாகச் சொன்னார்.  

சகலை அந்தக் கெப்பாசிட்டரைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தார்.

"புதுசு இருந்தும் ஏண்ணே?"

"பொறாமை" என்றார் மீட்டர். வேறு சொல் தேடிப் பார்த்தார், கிடைக்கவில்லை.

"அன்னிக்கு மாமா முன்னாடி நான் தலை குனிஞ்சு நின்னேன். நீங்க பக்கத்துலதான் நின்னீங்க."

"ஆமா."

"இது பையில இருந்துச்சு."

"ஆமா, சகலை."

சகலை அதை மேசைமேல் வைத்துவிட்டு வெளியே போனார். கார் கிளம்பும் சத்தம் கேட்டது. மாமனார் எழுந்து தட்டுகளைப் பார்க்கப் போனார். வாசலில் திரும்பி, "டீ குடிச்சிட்டுப் போங்க" என்றார். கோபமா, பரிவா என்று அந்தக் குரலில் பிரித்துப் பார்க்க முடியவில்லை. மீட்டர் டீ குடிக்காமல் போகவும் துணியவில்லை. தனியாக உட்கார்ந்து குடித்தார்.

மூன்று மாதம் சகலை பேசவில்லை. தேவையென்றால் அக்காவும் தங்கையும் பேசிக்கொண்டார்கள். அந்த மூன்று மாதத்தில் மாமனாரிடம் நான்கு தொகுதி குஞ்சு பொரித்தது. பெட்டி ஒரு நாளைக் கூட மறக்கவில்லை. இதுவும் மனைவி சொல்லித்தான் தெரியும்.

பிறகு ஒருநாள் கொழுந்தியாள் வந்தபோது நாலாக மடித்த ஒரு தாளைக் கொடுத்தார். "அத்தான்கிட்ட குடுக்கச் சொன்னார். வேற எதுவும் சொல்லல." பிரித்தால், புதுப் பெட்டி ஒன்றுக்கான சர்க்யூட் வரைபடம், எந்தப் பாகம் எங்கே உட்கார வேண்டும் என்ற குறிப்போடு. ஓரத்தில் ஒரே ஒரு வரி: 'சப்ளை பக்கம் பாருங்க.'

மீட்டர் அதை வேலை அறை மேசையில் விரித்துச் சிவப்புப் பென்சிலை எடுத்தார். உண்மையைச் சொல்வதென்றால், தப்பு கண்டுபிடிக்கும் ஆசையோடுதான் உட்கார்ந்தார். ஒன்று கிடைத்தது: கெப்பாசிட்டர் ஹீட்டருக்கு மிகப் பக்கத்தில் இருந்தது, சூட்டில் ஒரு வருஷத்தில் காய்ந்துவிடும். வட்டம் போட்டார். நெஞ்சு கொஞ்சம் நிமிர்ந்தது. பிறகு மூலையில் இரண்டு ரெசிஸ்டர் கண்ணில் பட்டது. ஐந்து வோல்ட்டைத் தரும் பன்னிரண்டு வோல்ட் பக்கத்திலிருந்து சிப்புக்கு ஒரு கோடு. அது எதற்கு என்று முதலில் புரியவில்லை. வாஷிங் மெஷின் போர்டு ஒன்று பாதியில் கிடக்க, அரை மணி அதையே பார்த்துக்கொண்டிருந்தார். புரிந்தபோது பழைய எரிச்சல் வயிற்றிலிருந்து நெஞ்சு வரைக்கும் வந்தது. பன்னிரண்டு வோல்ட் விழத் தொடங்கியதுமே சிப்புக்குச் சேதி போய்விடும். ஐந்து வோல்ட் விழுவதற்குள் எழுத வேண்டியதை எழுதி முடித்து, கதவைச் சாத்திக்கொள்ள அதற்கு நேரம் கிடைக்கும். இரண்டே ரெசிஸ்டரில் முடித்துவிட்டாரே. பதினேழு வருஷத்தில் தனக்கு இது தோன்றியிருக்குமா? தோன்றியிருக்காது.

தாளை மடித்து வைத்தார். மறுபடி பிரித்தார். அந்த மூலையில் என்னமோ எழுத வேண்டும் போலிருந்தது. பென்சில் தாளுக்கு மேலேயே நின்றது. முன்னறையில் முதலாளி யாருடனோ பேசி முடித்து, தொலைபேசியை வைக்கிற வரைக்கும் நின்றது. பிறகு சின்ன எழுத்தில், 'இது ரொம்ப நல்லா இருக்கு' என்று எழுதினார்.

இரண்டு நாள் கழித்து சர்வீஸ் அறைக்குத் தொலைபேசி வந்தது.

"அண்ணே, கெப்பாசிட்டரை எந்தப் பக்கம் தள்ளட்டும்? இடது பக்கம் இடமில்ல."

"மோட்டார் கனெக்டருக்குப் பக்கத்துல போடுங்க. நூத்தஞ்சு டிகிரி தாங்கறதா வாங்குங்க. எண்பத்தஞ்சு வேணாம்."

"சரிண்ணே."

இன்னும் கொஞ்ச நேரம் கெப்பாசிட்டரைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார்கள்.